மட்கும் உணவுத் தட்டுகளை வெளிநாட்டுக்கு அனுப்புதல்: இறக்குமதி விதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

சேலம், கோவை பக்கம் பாக்கு மட்டைத் தட்டு அழுத்தும் பட்டறை வைத்திருப்பவர்களிடம் வெளிநாட்டு ஆர்டர் பற்றிப் பேச்செடுத்தால், "மரத்திலிருந்து விழுந்த மட்டைக்கு என்ன விதி?" என்ற கேள்வி முதலில் வரும். 2025 மே மாதம் அந்தக் கேள்விக்கு அமெரிக்காவிடமிருந்து பதில் வந்தது. பாக்கு மட்டையில் இயல்பாகவே உள்ள அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் (உடலில் வினைபுரியும் தாவர வேதிப்பொருள்கள்) தட்டிலிருந்து உணவுக்குள் இறங்குகின்றன என்றும், அவை அங்கீகாரம் பெறாத உணவுச் சேர்க்கைகள் என்றும் அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ முடிவுசெய்து, அத்தகைய தட்டுகளைப் பரிசோதிக்காமலேயே துறைமுகத்தில் நிறுத்திவைக்கலாம் என இறக்குமதி எச்சரிக்கை விடுத்தது. தட்டில் யாரும் எதையும் கலக்கவில்லை. அது மட்கும் என்பதிலும் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எஃப்டிஏ கேட்டது வேறு கேள்வி.

இந்தத் தொழிலில் நான் பார்த்த இழப்புகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வந்தவை. எல்லையில் ஒரு மட்கும் தட்டு மூன்று தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சூடான குழம்பும் எண்ணெயும் பட்டால் அதிலிருந்து என்ன கசிகிறது என்று உணவுப் பாதுகாப்புத் துறை கேட்கும். அதோடு பூச்சியோ பூஞ்சையோ வருகிறதா என்று தாவரத் தொற்றுத்தடுப்புத் துறை கேட்கும். "மட்கும்" என்று அச்சிட்டிருக்கிறீர்களே, எந்தத் தரநிலையின்படி என்று சுற்றுச்சூழல் அல்லது நுகர்வோர் துறை கேட்கும். ஒன்றுக்காக வாங்கிய சான்றிதழ் மற்றொன்றுக்குச் செல்லாது. உரமாகும் சான்று கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் உணவுப் பரிசோதனை இல்லாமல் கன்டெய்னரை ஏற்றுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

முதல் படி: உங்கள் பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று எழுதுங்கள்

விலைப்பட்டியல் அனுப்புவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து, தட்டில் சேரும் ஒவ்வொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கரும்புச் சக்கைத் தட்டு என்றால் கூழ் எந்த ஆலையிலிருந்து வந்தது, எந்த முறையில் வெளுக்கப்பட்டது, தண்ணீர் ஊறாமலிருக்க எந்த ரசாயனம் சேர்த்தார்கள், எண்ணெய் ஊறாமலிருக்க எதைச் சேர்த்தார்கள், அச்சில் ஒட்டாமலிருக்க ஏதேனும் தடவுகிறீர்களா, உள்ளே பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் மட்கும் பிளாஸ்டிக்) போன்ற மெல்லிய படலம் உண்டா, முத்திரை மையும் பசையும் எவை என்பது வரை அதில் வர வேண்டும். பாக்கு மட்டைத் தட்டுக்கு இந்தப் பட்டியல் ஒற்றை வரியில் முடிந்துவிடும் என்று தோன்றும். மட்டை வந்த தோப்பில் காய் அழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை தெளித்திருந்தால், துத்தத்தின் தாமிரம் மட்டையின் மேல் தங்கியிருக்கக்கூடும். இந்தத் தாமிரம் பின்னர் உரமாகும் சான்றின்போது மீண்டும் குறுக்கே வரும்.

பட்டியல் முடிந்ததும் சுங்கக் குறியீட்டைத் தீர்மானிக்க வேண்டும். கூழை அச்சிலிட்டு அழுத்திய பொருள்களுக்கு 4823.70 என்ற தலைப்பு தெளிவாக இருக்கிறது. பாக்கு மட்டைத் தட்டுக்கு அந்தத் தெளிவு இல்லை. ஒரே தட்டு வெவ்வேறு ஏற்றுமதியாளர்களின் ஆவணங்களில் வெவ்வேறு அத்தியாயங்களின் கீழ்ப் போவதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் சுங்க முகவர் சொல்லும் குறியீட்டை அப்படியே ஏற்காமல், இறக்குமதியாளர் தம் நாட்டில் எந்தக் குறியீட்டில் அறிவிக்கப்போகிறார் என்பதை எழுத்தில் வாங்கி, ஆறு இலக்கங்கள் வரை இரண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: நாட்டைப் பொறுத்து வாசல் மாறும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லா உணவுத் தொடர்புப் பொருள்களுக்கும் அடிப்படை 1935/2004 என்ற ஒழுங்குமுறை. பொருள் உடல்நலத்துக்குக் கேடு செய்யக் கூடாது, உணவின் சேர்மானத்தை ஏற்க முடியாத அளவுக்கு மாற்றக் கூடாது, சுவையையும் மணத்தையும் கெடுக்கக் கூடாது என்பது அதன் மூன்றாம் பிரிவு. பிளாஸ்டிக்குக்கு 10/2011 என்ற விரிவான சட்டம் இருக்கிறது. இலை, மட்டை, கூழ் ஆகியவற்றுக்கு ஒன்றியம் முழுவதற்குமான தனிச் சட்டம் இல்லை என்பதால் ஒவ்வொரு உறுப்பு நாட்டின் விதியும் வழக்கமும் உள்ளே நுழைகின்றன. காகிதம், கூழ் விஷயத்தில் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு அமைப்பான பிஎஃப்ஆர் நிறுவனம் வெளியிட்டுள்ள 36 ஆம் பரிந்துரையைத்தான் பல நாடுகளின் இறக்குமதியாளர்கள் அளவுகோலாகக் கேட்கிறார்கள்.

அதே ஐரோப்பாவில் 2021 ஜூலை 3 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, உறிஞ்சுகுழல் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மட்கும் பிளாஸ்டிக்குக்கும் இந்தத் தடையில் விலக்கு இல்லை. சக்கைத் தட்டின் மேல் பிஎல்ஏ படலம் ஒட்டி "நூறு சதவீதம் உரமாகும்" என்று நீங்கள் பெருமையோடு அனுப்பினால், சட்டத்தின் கண்ணில் அது பிளாஸ்டிக் தட்டு. படலம் இல்லாத வெறும் கூழ்த் தட்டுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மூங்கில் பொடியை மெலமைன் பிசினில் கலந்து செய்த கோப்பைகளும் இப்படித்தான் சிக்கின. பிளாஸ்டிக்கில் சேர்ப்பதற்கு மூங்கில் பொடி அங்கீகரிக்கப்படவில்லை என்று கூறி, 2021 இல் ஒன்றிய நாடுகள் ஒருங்கிணைந்த சோதனை நடத்தி அவற்றைச் சந்தையிலிருந்து எடுத்தன. தாவரப் பொடி கலந்த எந்தப் பொருளை விற்பவரும் இந்த முன்னுதாரணத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவில் முறையே வேறு. உணவைத் தொடும் ஒவ்வொரு சேர்மானமும் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். கூழ்ப் பொருள்களுக்கு நீர்த்த, எண்ணெய்ப்பசையுள்ள உணவுகளுக்கான 176.170 என்ற விதி பொருந்தும். இங்கே ஓர் எச்சரிக்கை. உணவுப் பொதிப் பொருள் தயாரிப்பவர்கள் எஃப்டிஏவில் உணவு ஆலையாகப் பதிவுசெய்யத் தேவையில்லை, பதிவு செய்பவர்களுக்கும் எஃப்டிஏ சான்றிதழ் எதுவும் தருவதில்லை. கழுகுப் படமும் தங்க நிற முத்திரையும் போட்ட "எஃப்டிஏ சான்றிதழ்" விற்கும் முகவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நல்ல ஆய்வகப் பரிசோதனையைச் செய்துவிடலாம். பாக்கு மட்டைத் தட்டைப் பொறுத்தவரை, அந்த எச்சரிக்கை நீடிக்கும் வரை அமெரிக்க ஆர்டரை ஏற்காமலிருப்பதே என் அறிவுரை. வேறு பெயரில் அறிவித்து அனுப்பலாம் என்று சொல்லும் இடைத்தரகரை வாசலோடு திருப்பி அனுப்புங்கள்.

வளைகுடாவில் "மட்கும்" என்ற சொல்லே வேறு பொருள் தருகிறது. சவுதி அரேபியாவின் தர நிறுவனமான சாசோ, குறிப்பிட்ட பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் பொருள்கள் ஆக்சோ முறையில், அதாவது சேர்க்கைப் பொருளின் உதவியால் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, சிதைபவையாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ அதே ஆக்சோ சிதைவுப் பிளாஸ்டிக்கை முழுவதுமாகத் தடைசெய்திருக்கிறது. ஆகவே ரியாத்துக்குத் தகுதியான பை ஹாம்பர்க்குக் குற்றப்பொருள். ஒரே உற்பத்தி வரிசையில் இரு சந்தைகளுக்கும் செய்பவர்கள் அட்டைப்பெட்டிகள் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: உணவுப் பாதுகாப்புப் பரிசோதனை

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது நேரில் பாருங்கள். தட்டின் அளந்தெடுத்த பரப்பின் மேல் உணவுக்குப் பதிலாக ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள்: புளிப்புணவுக்கு 3 சதவீத அசிட்டிக் அமிலம், நீர்த்த உணவுக்கு 10 சதவீத எத்தனால், எண்ணெய்ப் பலகாரத்துக்குத் தாவர எண்ணெய். சூடான உணவு பரிமாறும் தட்டுக்கு 70 டிகிரியில் 2 மணி நேரம் வைப்பது வழக்கமான நிலை. பிறகு எண்ணெய் தவிர மற்றத் திரவங்களை ஆவியாக்கி, மிஞ்சிய கசிவை எடைபோடுகிறார்கள். பிளாஸ்டிக்குக்கான ஐரோப்பிய வரம்பு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம். மட்டைத் தட்டில் அமிலத்தை ஊற்றினால் அது சில நிமிடங்களில் தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். இயற்கைச் சாயமும் டானினும் இறங்குவதால் மொத்தக் கசிவின் எண் கூடுதலாக வரக்கூடும். பிளாஸ்டிக்குக்கான வரம்பை மட்டைக்குப் பொருத்துவது சரியா என்ற வாதம் நியாயமானதுதான். ஆனால் இறக்குமதியாளரின் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். எனவே எந்தத் தரநிலையின்படி, எந்தத் திரவத்தில், எத்தனை டிகிரியில் சோதிக்க வேண்டும் என்பதை மாதிரி அனுப்புவதற்கு முன் அவரிடமே எழுதி வாங்குங்கள். அமெரிக்கக் கூழ் விதியில் கணக்கு வேறு: கசிவில் குளோரோஃபார்மில் கரையும் பகுதி ஒரு சதுர அங்குலத்துக்கு அரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

கன உலோகங்கள், பூச்சிக்கொல்லி எச்சம், நுண்ணுயிர் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்தே கேளுங்கள். மைசூருவிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், சென்னையில் கிளை வைத்திருக்கும் இந்தியப் பொதியியல் நிறுவனமும் நன்கு அறியப்பட்டவை. தனியார் ஆய்வகம் என்றால் ஆய்வகங்களுக்கான தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் கேட்கும் குறிப்பிட்ட சோதனை அந்த அங்கீகாரத்தின் வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். உள்நாட்டு அளவுகோலாக, வேளாண் துணைப்பொருள்களிலிருந்து செய்யும் உணவுப் பாத்திரங்களுக்கென்றே ஐஎஸ் 18267 என்ற இந்தியத் தரநிலை 2023 இல் வந்திருக்கிறது. வெளிநாட்டில் அது சட்டப்படி செல்லாது என்றாலும், பட்டறையின் தரப் பதிவேட்டை ஒழுங்குபடுத்த உதவும்.

நான்காம் படி: பிஎஃப்ஏஎஸ் என்னும் பொறி

சக்கைக் கிண்ணம் விற்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டு முறை படிப்பது நல்லது. கூழ்த் தட்டு இயல்பில் எண்ணெயை உறிஞ்சிவிடும். அதைத் தடுக்க நீண்ட காலமாகச் சேர்க்கப்பட்டவை பிஎஃப்ஏஎஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபுளோரின் சேர்மங்கள். இவை மண்ணிலும் நீரிலும் கிட்டத்தட்டச் சிதைவதே இல்லை. மட்கும் தட்டுக்குள் மட்காத ரசாயனம் என்ற முரண்தான் விதிகளைக் கடுமையாக்கியது.

கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் தாவர நார்ப் பொதிகளில் மொத்தக் கரிம ஃபுளோரின் 100 பிபிஎம்முக்கு (ஒரு கிலோவில் 100 மில்லிகிராம்) குறைவாக இருக்க வேண்டும். எண்ணெய்த் தடுப்புக்கான இச்சேர்மங்கள் அமெரிக்க உணவுப் பொதிச் சந்தையில் இனி விற்கப்படுவதில்லை என்று எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதி ஒழுங்குமுறையான 2025/40 இன்னும் இறுக்கமானது. 2026 ஆகஸ்ட் 12 முதல் உணவைத் தொடும் பொதியில் எந்தவொரு தனிச் சேர்மமும் 25 பிபிபி (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு பிபிபி), அளக்கப்பட்டவற்றின் கூட்டுத்தொகை 250 பிபிபி, பாலிமர் வடிவத்திலானவை உட்பட மொத்தம் 50 பிபிஎம் என்ற வரம்புகளை எட்டக் கூடாது.

"நாங்கள் எதுவும் சேர்ப்பதில்லை" என்ற கடிதம் இங்கே போதாது. கூழை வெளியில் வாங்குபவர்களுக்கு, கூழ் விற்றவர் என்ன சேர்த்தார் என்பது தெரியாமலே இருக்கும். எளிய வழி ஒன்று உண்டு. முதலில் மொத்த ஃபுளோரின் அளவை மட்டும் சோதியுங்கள். எண் மிகக் குறைவாக வந்தால் நிம்மதி. ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அது பிஎஃப்ஏஎஸ்ஸிலிருந்து வந்ததா இல்லையா என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். அப்போதுதான் செலவு கூடிய விரிவான சோதனை தேவைப்படும். இந்த முதல் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, கூழ் விற்பவர் மாறும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். பட்டறையில் கைகொண்டு செய்யக்கூடிய ஒரு குறிப்பும் சொல்கிறேன்: எந்தப் படலமும் இல்லாத சக்கைத் தட்டின் மேல் ஒரு சொட்டுச் சூடான நல்லெண்ணெயை விடுங்கள். அது பரவாமல் மணிபோல உருண்டு நின்றால், ஏதோ சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். அது எது என்று கூழ் விற்றவரைக் கேட்காமல் அடுத்த லோடு எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: உரமாகும் சான்று

உரமாகும் தன்மைக்கான தரநிலை நாட்டுக்கு நாடு மாறும்: ஐரோப்பாவில் இஎன் 13432, அமெரிக்காவில் பிளாஸ்டிக்குக்கு ஏஎஸ்டிஎம் டி6400, பூச்சுள்ள காகித, நார்ப் பொருள்களுக்கு டி6868, ஆஸ்திரேலியாவில் தொழிற்சாலை உரக்கூடங்களுக்கு ஏஎஸ் 4736, வீட்டு உரக்குழிக்கு ஏஎஸ் 5810. இஎன் 13432 கேட்பது இதுதான்: ஆறு மாதத்துக்குள் 90 சதவீதம் உயிரியல் முறையில் சிதைய வேண்டும், 12 வார உரமாக்கலுக்குப் பின் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 சதவீதத்துக்கு மேல் தங்கக் கூடாது, அந்த உரத்தில் பயிர் வளர வேண்டும், உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். தாமிர வரம்பு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம். போர்டோ கலவையைப் பற்றி முதலிலேயே பேசியது இதற்காகத்தான். மட்டையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவது தோற்றத்துக்காக மட்டும் செய்யும் வேலை அல்ல.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் இதே தரநிலையில் இருக்கிறது. ரசாயன மாற்றம் செய்யப்படாத மரநார், பருத்தி, மாவுச்சத்து, கூழ், சணல் போன்ற இயற்கைப் பொருள்களை உயிரியல் சிதைவுச் சோதனை இல்லாமலே ஏற்கலாம். ஆறு மாதச் சோதனைக்குப் பணம் கேட்கும் முகவரிடம் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். மற்ற சோதனைகள் தேவை. சான்று சோதிக்கப்பட்ட தடிமன் வரைதான் செல்லும் என்பதால், உங்கள் வரிசையில் மிகத் தடிமனான தட்டையே மாதிரியாகக் கொடுங்கள். ஐரோப்பாவில் டியூவ் ஆஸ்திரியா, டின் செர்ட்கோ ஆகியவையும் வட அமெரிக்காவில் பிபிஐயும் இந்தச் சான்றை வழங்குகின்றன.

ஆறாம் படி: அட்டையில் அச்சிடும் சொற்கள்

சான்று இருந்தாலும் "மட்கும்" என்று நினைத்த இடத்தில் எல்லாம் அச்சிட முடியாது. பிரான்சில் 2022 முதல் பொருளின் மேலோ பொதியின் மேலோ "பயோடிகிரேடபிள்", "சுற்றுச்சூழலுக்கு உகந்தது" போன்ற சொற்களைப் போடுவதே தடை. ஒன்றியம் முழுவதிலும் 2024/825 என்ற உத்தரவின்படி, 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமற்ற பொதுவான பசுமைச் சொற்களுக்கு இடமில்லை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைய வழிகாட்டுதலில், வழக்கமான முறையில் குப்பையில் எறிந்த பொருள் ஓராண்டுக்குள் முழுவதுமாகச் சிதையாவிட்டால் நிபந்தனையற்ற "சிதையும்" என்ற கூற்று ஏமாற்றாகக் கருதப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆவணம் பார்த்த ஒரு சரக்கில் தட்டுகளில் எந்தக் குறையும் இல்லை. பச்சை இலைப் படத்தோடு அந்தத் தடைசெய்த சொல்லைப் பெரிதாக அச்சிட்ட சுற்றுத்தாள்தான் குறை. பிரான்சின் மார்சேய் கிடங்கில் ஆள் வைத்து ஒவ்வொரு கட்டின் மேலும் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். கூலி முழுவதும் எங்கள் விலைப்பட்டியலில் கழிக்கப்பட்டது. அன்றிலிருந்து அச்சுக்குக் கொடுக்கும் முன் வடிவமைப்பை இறக்குமதியாளரின் ஒப்புதல் கையெழுத்துக்கு அனுப்பாமல் நான் விடுவதில்லை.

அட்டையில் கட்டாயம் இருக்க வேண்டியவை வேறு: உணவோடு பயன்படுத்தலாம் என்ற வாசகம் அல்லது கோப்பையும் முள்கரண்டியும் கொண்ட குறியீடு, ஒன்றியத்துக்குள் இருக்கும் விற்பனையாளரின் பெயரும் முகவரியும், தொகுதி எண்.

ஏழாம் படி: ஈரம், பூச்சி, மரப்பலகை

தாவரப் பொருள் என்பதால் ஃபைட்டோ என்று துறையில் அழைக்கப்படும் தாவர நலச் சான்றிதழைப் பல நாடுகள் கேட்கும். சென்னை, தூத்துக்குடி ஆகிய இடங்களிலுள்ள தாவரத் தொற்றுத்தடுப்பு நிலையங்களில் அதைப் பெறலாம். ஆஸ்திரேலியா இதில் மிகக் கறாரானது. அவர்களின் பைகான் தரவுத்தளத்தில் உங்கள் பொருளுக்கான நிபந்தனையைப் படித்து, அந்தப் பக்கத்தைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொண்ட பிறகே விலை சொல்லுங்கள். சரக்கு அடுக்கும் மரப்பலகைகளுக்கு ஐஎஸ்பிஎம் 15 முத்திரை இருக்க வேண்டும். மரத்தின் உள்மையம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது, அல்லது அங்கீகரித்த வேறு முறையில் பூச்சி நீக்கப்பட்டது என்பதற்கான அடையாளம் அது. முத்திரையில்லாத ஒரு பலகையால் மொத்தக் கன்டெய்னரும் நிற்கும்.

இதைவிட அதிகம் சரக்கைக் கெடுப்பது ஈரம். ஐப்பசி மழையில் அழுத்திய தட்டு தொட்டுப் பார்த்தால் காய்ந்தது போலவே இருக்கும். விளிம்பை மூக்கருகே கொண்டுபோனால் ஊறிய ஓலையின் வாடை வரும். அந்த வாடை இருந்தால் கட்டக் கூடாது. ஈரப்பதமானியில் 8 சதவீதத்துக்கு மேல் காட்டும் தட்டை நான் ஏற்றுவதில்லை. கடலில் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும்போது கன்டெய்னரின் கூரை வியர்த்துச் சொட்டும். அதற்காகக் கால்சியம் குளோரைடு உறிஞ்சிப் பைகளைப் பக்கவாட்டில் தொங்கவிடுகிறார்கள். அவை காற்றின் ஈரத்துக்குத்தான் உதவும். உள்ளே ஏறிய ஈரத் தட்டை எந்தப் பையும் காய வைக்காது.

எட்டாம் படி: காகிதங்களும் ஒப்பந்தமும்

ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண், வங்கியின் ஏடி குறியீடு, ஷிப்பிங் பில், மூலச் சான்றிதழ் ஆகியவற்றைச் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார். நீங்களே எழுத வேண்டியது இணக்க உறுதிமொழி. தட்டு எந்தச் சட்டங்களுக்கு உட்பட்டது, எந்த வகை உணவுக்கு, எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம், எந்தப் பரிசோதனை அறிக்கை இதற்கு ஆதாரம் என்பதைத் தொகுதி எண்ணோடு எழுதிக் கையெழுத்திடுங்கள். அறிக்கையில் உள்ள தட்டின் அளவும் விலைப்பட்டியலில் உள்ள அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 10 அங்குலச் சதுரத் தட்டுக்கு எடுத்த அறிக்கையை 6 அங்குலக் கிண்ணத்தோடு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்க்கத் தயங்காதீர்கள்: சரக்கு புறப்பட்ட பிறகு இறக்குமதி நாட்டின் விதி மாறினால், திருப்பி அனுப்பும் அல்லது அழிக்கும் செலவு யாருடையது? அமெரிக்க எச்சரிக்கை வந்தபோது கடலில் இருந்த சரக்கின் கதியை இந்த ஒரு வரிதான் தீர்மானித்திருக்கும்.

கன்டெய்னர் கிளம்பிய அன்று, ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஐந்து தட்டுகளை எடுத்து, தேதி, மட்டை அல்லது கூழ் வந்த இடம், அழுத்திய அச்சு எண் ஆகியவற்றை எழுதிக் காற்றுப் புகாத பையில் கட்டி அலமாரியில் வையுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு அதைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து புகார் வரும் நாளில், உங்கள் கையில் இருக்கப்போகும் ஒரே சாட்சி அந்தப் பைதான்.